ஏழாம் எதிரியும் ஹைஸ்மித்தும்

பட்ரீசியா ஹைஸ்மித்தின் ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ டிரெய்ன்’ நாவலைப் படிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றுதான். முதலில் ஹிட்ச்காக்கின் படத்தைப் பார்த்து ஏமாறுங்கள், அப்புறம் புத்தகத்துக்கு வாருங்கள். எனக்கு அப்படித்தான் வாய்த்தது. திட்டம் போட்டெல்லாம் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் எந்தப் படம், எந்தப் புத்தகம் எப்போது கையில் வந்து சேரும் என்று யாருக்கும் தெரியாது.

அப்போது நான் கிரிமினல் வழக்குகள் மட்டுமே நடத்தும் ஒரு மூத்த வக்கீலிடம் ஜூனியர். வாய்தா வாங்குவது, குமாஸ்தா வராத நாளில் கட்டுகளைச் சுமப்பது, சீனியர் குறுக்கு விசாரணை செய்யும்போது பின்னால் நின்று சாட்சி சொல்வதை எழுதிக்கொள்வது, இவைதான் வேலை. சம்பளம் என்று ஒன்று கிடையாது, மத்தியானச் சாப்பாடு உண்டு. அந்த நாட்களில் ஒரு ஃபிலிம் சொசைட்டி எங்கிருந்தோ 16 எம்.எம். பிரதிகளை வரவழைத்துப் படம் காட்டிக்கொண்டிருந்தது. ரீல் மாற்றும்போது விளக்கைப் போடுவார்கள். எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

படம் 1951-ல் வெளிவந்தது. கய் ஹெய்ன்ஸ் என்ற டென்னிஸ் வீரன் ரயிலில் போகிறான். ஒழுங்கில்லாத மனைவி, விவாகரத்துத் தகராறு. எதிரில் வந்து உட்காருகிறான் ப்ரூனோ என்ற பணக்காரப் பையன். அவனுக்கு அப்பாவைக் கண்டால் ஆகாது. பேச்சோடு பேச்சாக ஒரு யோசனை சொல்கிறான். உன் மனைவியை நான் கொல்கிறேன், என் அப்பாவை நீ கொன்றுவிடு. காரணம் உள்ளவன் அந்த நேரத்தில் வேறு ஊரில் இருப்பான். கொன்றவனுக்கோ செத்தவரை முன்பின் தெரியாது. போலீஸ் எங்கே போய் முட்டிக்கொள்ளும்?

பக்கத்தில் இருந்தவர்கள் காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் தொழில் கண்ணோடு இந்த யோசனையையே மென்றுகொண்டிருந்தேன். நேரில் பார்த்த சாட்சி இல்லாமல் சந்தர்ப்ப சாட்சியத்தால் மட்டும் நிற்கும் வழக்கில், நோக்கத்தைப் பிடுங்கிவிட்டால் சங்கிலியில் ஒரு கண்ணி போய்விடும். எங்கள் சீனியர் பாதி வழக்குகளை அப்படித்தான் உடைப்பார். ஒரு நாவலாசிரியை, அதுவும் முதல் நாவலில், அதைக் கதையின் தொடக்கத்திலேயே செய்து வைத்திருக்கிறார்.

படம் நன்றாக இருந்தது என்பதில் சந்தேகமில்லை. ப்ரூனோவாக நடித்த ராபர்ட் வாக்கரின் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. படம் வந்த கொஞ்ச நாளிலேயே, முப்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். கேளிக்கைப் பூங்காவில் ஹெய்ன்ஸின் மனைவி மிரியமின் கழுத்தை ப்ரூனோ நெரிக்கும் காட்சியை ஹிட்ச்காக் நேராகக் காட்டவில்லை. கீழே விழுந்த அவளது மூக்குக் கண்ணாடியின் சில்லில் வளைந்து நெளிந்து தெரிகிறது. கடைசியில் குடைராட்டினம் கட்டறுந்து சுழலும்போது அதன் அடியில் ஒரு கிழவர் ஊர்ந்து போகிறார். அது தந்திரக் காட்சி அல்ல, உண்மையாகவே அந்த ஆள் ஊர்ந்தார். இனி அப்படி ஒரு காரியம் செய்ய மாட்டேன் என்று ஹிட்ச்காக்கே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

ஆனால் படத்தின் ஹெய்ன்ஸ் யாரையும் கொல்வதில்லை. ஒரு ராத்திரி ப்ரூனோ கொடுத்த சாவியோடு அந்த வீட்டுக்குள் போகிறான்தான். போவது அப்பாவை எச்சரிப்பதற்கு. இருட்டில் கட்டில் அருகே போய்க் கூப்பிடுகிறான். விளக்கு எரிகிறது. அப்பாவின் கட்டிலில் ப்ரூனோ படுத்திருக்கிறான். ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் மூச்சு விட்டார்கள். நானும்தான்.

புத்தகம் பிறகு கிடைத்தது. ஒரு ஜாமீன் மனு விஷயமாக சீனியர் என்னைச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியிருந்தார். திரும்பும் நாளில் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தேன். 1985-ல் அது எரிந்துபோவதற்கு முந்தைய காலம். சட்டப் புத்தகம் தேடப் போனவன் அட்டை போன இந்த நாவலோடு வெளியே வந்தேன். அன்றிரவு ரயிலில் படித்தேன் என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். உண்மையில் அன்று எனக்குக் கிடைத்தது மேல் பர்த், தலைக்கு நேரே விளக்கு எரியவில்லை. படித்ததெல்லாம் வக்கீல் சங்க நூலகத்து பெஞ்சில், மத்தியான வேளைகளில்.

நாவலின் ஹெய்ன்ஸ் டென்னிஸ் ஆடுபவன் அல்ல, கட்டிடக் கலைஞன். டெக்சாஸிலுள்ள மெட்கால்ஃப் என்ற ஊருக்கு விவாகரத்து பேசப் போகிறான். கையில் பிளேட்டோ. எதிரே வந்து அமரும் ப்ரூனோவுக்கு நெற்றி நடுவில் ஒரு கட்டி. நாவல் தொடங்கியதுமே ஹைஸ்மித் அந்தக் கட்டியை நம் கண்ணில் குத்தி விடுகிறார். அவன் தன் பெட்டிக்கு அழைக்கிறான், சாப்பாடு வருகிறது, குடிக்கிறார்கள். ப்ரூனோ துருவித் துருவிக் கேட்க, ஹெய்ன்ஸ் மனைவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறான். பெயர், ஊர், அவள் இன்னொருவனின் பிள்ளையைச் சுமப்பது, எல்லாம். பிறகு அந்த யோசனை. ஹெய்ன்ஸ் அருவருக்கிறான், மறுக்கிறான். பிளேட்டோவை அங்கேயே மறந்து வைத்துவிட்டுப் போகிறான். பின்னால் துப்பறியும் ஜெரார்டு இந்த இருவரையும் ஒரே கயிற்றில் கட்ட அந்தப் புத்தகம் உதவுகிறது.

மிரியம் கொல்லப்படுகிறாள். யார் செய்திருப்பார்கள் என்று ஹெய்ன்ஸுக்கு உடனே தோன்றுகிறது. நிச்சயமாகத் தெரியாது, ஆனால் தோன்றுகிறது. போலீஸிடம் சொல்லவில்லை. இனி விவாகரத்துத் தேவையில்லை, ஆன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளலாம். கைநழுவிய பெரிய கட்டிட வேலையும் திரும்பி வருகிறது. அவனுக்கு எல்லாமே நல்லதாகத்தான் நடக்கிறது, அந்த நல்லதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அப்புறம் கடிதங்கள் வரத் தொடங்குகின்றன. வீட்டின் வரைபடம், எந்தப் படியில் கால் வைத்தால் சத்தம் வரும் என்ற குறிப்பு, கடைசியில் துப்பாக்கி. அவனுக்குத் தெரிந்தவர்களுக்கும் மொட்டைக் கடிதாசிகள் போகின்றன. தூக்கம் போகிறது. ஹைஸ்மித் அவசரப்படவே இல்லை. ஒரு மனிதன் தேய்வதைப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போகிறார்.

அந்த ராத்திரி வந்தது. ஹெய்ன்ஸ் சுவரேறிக் குதிக்கிறான். படிகளை எண்ணுகிறான். எனக்கோ இது தெரிந்த காட்சி. கட்டிலில் ப்ரூனோ இருப்பான், விளக்கு எரியும் என்று பாதி அலட்சியத்தோடு பக்கத்தைத் திருப்பினேன். கட்டிலில் அப்பாதான் இருந்தார். தூங்கிக்கொண்டிருந்தார். ஹெய்ன்ஸ் சுட்டுவிட்டான்.

மேலே போகாமல் திரும்பப் போய் அந்தப் பக்கத்தைப் படித்தேன். ஏதோ கனவு, இல்லை நினைப்பு என்று எழுதியிருப்பாரோ என்று தேடினேன். இல்லை. அவன் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தான். நாவலில் அப்போது பாதிதான் ஆகியிருந்தது. மற்றப் பாதி என்ன செய்யப் போகிறது என்று எனக்குத் திகிலாக இருந்தது.

மற்றப் பாதி செய்வது இதுதான். அவன் மாட்டுவானா என்பதை ஹைஸ்மித் ஓரத்தில் வைத்துக்கொள்கிறார். ஏன் செய்தான் என்று அவனையே கேட்க வைக்கிறார். மிரட்டினார்கள், தூக்கம் கெட்டது, வேறு வழி இல்லை என்பவை எல்லாம் அவனுக்கே போதவில்லை. ப்ரூனோ வெளியிலிருந்து வந்தவன்தானா என்றே சந்தேகம் வந்துவிடுகிறது. தான் எப்போதோ கழித்துக் கட்டிய ஏதோ ஒன்று கால் முளைத்து ரயிலேறி வந்து எதிரில் உட்கார்ந்ததாக அவனுக்குத் தோன்றுகிறது. வெறுக்கிறான், ஆனாலும் அவன் பக்கத்தில் இருக்கும்போதுதான் பொய் சொல்ல வேண்டியதில்லை. ப்ரூனோ அழைக்காமலே கல்யாணத்துக்கு வருகிறான், புது வீட்டுக்கு வருகிறான், படகுப் பயணத்துக்கும் வருகிறான். குடித்துவிட்டுக் கடலில் விழுகிறான். ஹெய்ன்ஸ் அவனைக் காப்பாற்றத் தண்ணீரில் குதிக்கிறான்.

படத்துக்கு இதெல்லாம் ஆகவில்லை. ஹிட்ச்காக் திரைக்கதை எழுத அழைத்தது ரேமண்ட் சாண்ட்லரை. துப்பறியும் கதைகளின் ராஜா. நல்லவன் ஒருவன் முன்பின் தெரியாத ஆளைக் கொல்லச் சம்மதிப்பதை எப்படி நம்பவைப்பது என்று அவர் திண்டாடியிருக்கிறார். இருவருக்கும் முட்டிக்கொண்டது. படத்தில் பெயர் இருந்தாலும் அவர் எழுதியதில் மிச்சமிருந்தது கொஞ்சம்தான், பெரும்பகுதியை சென்ஸி ஆர்மண்ட் எழுதினார். கதையின் உரிமையை ஹிட்ச்காக் தன் பெயரை வெளியே விடாமல் 7,500 டாலருக்கு வாங்கியிருந்தார். ஹைஸ்மித்துக்கு அதில் கடைசிவரை வருத்தம். நாயகன் கை கறைபடக் கூடாது என்ற வழக்கம் நமக்குப் புதிதல்ல என்பதால் நான் ஹாலிவுட்டைத் தனியாகத் திட்ட மாட்டேன். 2011-ல் சேரனும் பிரசன்னாவும் நடித்த ‘முரண்’ இந்த விதையிலிருந்து முளைத்ததுதான். பார்க்கும்போது என் மனம் அந்தப் பெஞ்சுக்குப் போய் வந்தது.

சீனியருக்குக் கதை படிக்கும் வழக்கம் இல்லை. ஆனால் கேட்பார். ஒரு சாயங்காலம் கட்சிக்காரர்கள் போனபிறகு முழுவதையும் சொன்னேன். ரயிலில் நடந்ததைச் சொல்லி முடித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தம்பி, இவன் சரின்னு சொன்னானா?”

“இல்ல சார். முடியாதுன்னுதான் சொன்னான்.”

“அப்ப கூட்டுச்சதி இல்ல. 120-பி நிக்காது. மேல சொல்லு.”

நான் மேலே சொன்னேன். ஒவ்வொரு கட்டத்திலும் அவர் ஒரு பிரிவைச் சொல்லி அதைத் தட்டிவிட்டார். கொலைக்குப் பின் வாயை மூடிக்கொண்டிருந்தது? அதைச் சதி என்று சொல்ல முடியாது. கடிதத்தைப் பெற்றது? வாங்கினான் என்பதால் ஒப்புக்கொண்டான் என்றாகாது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பியது? “தயாரிப்பு. முயற்சி கூட இல்ல.” சுட்ட இடம் வந்ததும் நாற்காலியில் சாய்ந்தார். “இப்ப 302.” சட்டத்துக்கு ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஹைஸ்மித் அந்தக் கோட்டுக்கு முந்தைய பகுதியைத்தான் நாவலாக்கியிருக்கிறார். அவன் எந்த நிமிஷத்தில் சம்மதித்தான் என்று என்னால் இன்றுவரை விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. மனைவியின் பெயரைச் சொன்னபோதா? மறுத்துவிட்டு உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தபோதா? செய்தி கேட்டதும் மனதில் ஒரு நொடி வந்துபோன லேசான உணர்விலா?

இதைச் சொல்லும்போது எனக்கு எங்கள் ஏழாம் எதிரி நினைவுக்கு வருவார்.

அது ஒரு கிராமத்து வாய்க்கால் தகராறு, கொலையில் முடிந்தது. ஆறு பேர் மேல் நேரடிக் குற்றச்சாட்டு. ஏழாவதாகச் சேர்க்கப்பட்டவர் டீக்கடைக்காரர். முதல் நாள் இரவு அந்த ஆறு பேரும் அவர் கடையில் உட்கார்ந்துதான் பேசியிருக்கிறார்கள். அவர் அங்கே இருந்தார், அவ்வளவுதான். “கேட்டுக்கிட்டிருந்தவன் எல்லாம் எதிரின்னா பாதி ஊரு உள்ளதான் இருக்கணும்” என்று சீனியர் எங்களிடம் சொன்னார். அதையே நாகரிகமான சட்ட மொழியில் நீதிமன்றத்திலும் சொன்னார். ஏழாம் எதிரி விடுதலையானார்.

ஆனாலும் அவர் ஆபீசுக்கு வந்துகொண்டே இருந்தார். வழக்கு முடிந்து மாதங்கள் ஆன பிறகும் வருவார். திண்ணையில் உட்காருவார். ஒருநாள் என்னிடம் சொன்னார். செத்தவரும் அவருடைய வாடிக்கைக்காரர்தான். சம்பவத்தன்று காலையிலும் வழக்கம்போல வந்திருக்கிறார். “எப்பவும் போல டீ போட்டுக் குடுத்தேன்யா. சக்கரை கம்மியாக் கேப்பாரு. கம்மியாப் போட்டுக் குடுத்தேன். குடிச்சுட்டுப் போனாரு.”

ஒருவர் கொலை செய்யப்போகும் எண்ணம் தெரிந்தாலே போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தகவல் சொல்ல வேண்டும் என்று அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39-வது பிரிவு சொன்னது. எங்கள் சீனியருக்கு அது தெரியாமலா இருக்கும்? அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அரசுத் தரப்பும் எடுக்கவில்லை. டீக்கடைக்காரரைப் பார்த்தால் சீனியர் எரிச்சலாவார். “தீர்ப்பு நகல் வாங்கிட்டேல்ல? போய்க் கடையத் திறய்யா.” கடையைத் திறந்தாரா என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் வருவது நின்றுவிட்டது.

ஹைஸ்மித்தைப் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் பிற்பாடுதான், அதிகமும் 1995-ல் அவர் சுவிட்சர்லாந்தின் லொகார்னோவில் இறந்த பிறகு. பிறந்தது 1921-ல், டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில். பிறப்பதற்குச் சில நாள் முன்புதான் பெற்றோர் விவாகரத்துச் செய்திருந்தார்கள். உன்னைக் கலைக்க டர்பன்டைன் குடித்தேன் என்று அம்மாவே மகளிடம் சொன்னாராம். சின்ன வயதில் மன நோயாளிகளைப் பற்றி கார்ல் மென்னிங்கர் எழுதிய புத்தகத்தைக் கதைப் புத்தகம் போல விழுந்து விழுந்து படித்திருக்கிறார். கல்லூரி முடித்துச் சில ஆண்டுகள் காமிக்ஸ் கதைகள் எழுதிப் பிழைத்தார். ஹட்சன் ஆற்றங்கரையில் அம்மாவோடும் மாற்றாந்தந்தையோடும் நடந்துகொண்டிருந்தபோது, கொலைகளை மாற்றிக்கொள்ளும் இந்த யோசனை அவருக்குத் தோன்றியிருக்கிறது. நாவல் 1950-ல் வந்தது. ரிப்ளி வரிசையின் முதல் நூல் 1955-ல். அதில் கொலைகாரன் தப்பித்தே விடுகிறான், நாமும் அவன் தப்பிக்க வேண்டுமென்று விரும்புகிறோம். கைப்பையில் நத்தைகளை வைத்துக்கொண்டு விருந்துக்குப் போவார் என்ற கதையை எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். கடைசிக் காலத்தில் யூதர்களைப் பற்றி அவர் பேசியதையும் எழுதியதையும் யாராலும் ரசிக்க முடியாது. அவரது கையெழுத்துப் பிரதிகளும் நாட்குறிப்புகளும் பெர்னில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, 2021-ல் அவற்றிலிருந்து ஒரு தடித்த தொகுப்பு வந்தது. வாங்கிப் படித்தேன். பழக விரும்பும் ஆளாக எனக்குத் தோன்றவில்லை.

தஸ்தயேவ்ஸ்கியை அவர் குருவாகவே கொண்டவர். ‘குற்றமும் தண்டனையும்’ 1866-ல் வெளியான நாவல். தமிழில் நான் அதைப் படித்தது எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில், மிகத் தாமதமாக. அதைப் படித்த பிறகுதான் ஹைஸ்மித் செய்த துணிச்சல் முழுதாகப் புரிந்தது. ரஸ்கோல்னிகோவ் தன் பாரத்தைச் சொல்ல ஒரு சோனியா இருக்கிறாள். அவள் கேட்கிறாள், அழுகிறாள், சைபீரியா வரைக்கும் கூடவே போகிறாள். ஹெய்ன்ஸுக்கும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். மிரியமின் சாவால் யார் அதிகம் இழந்தார்களோ அவரிடம் சொல்வதுதான் நியாயம் என்று முடிவு செய்கிறான். அவளது காதலன் ஓவனைத் தேடி ஹூஸ்டனுக்குப் போகிறான். ஹோட்டல் அறையில் விஸ்கியை ஊற்றிக் கொடுத்து எல்லாவற்றையும் சொல்கிறான். ஓவன் குடிக்கிறான். அவனுக்கு மிரியமைக் கல்யாணம் செய்துகொள்ளும் எண்ணமே இருந்ததில்லை. இன்னொரு கொலையும் இருக்கிறது என்று கேட்டும் பெரிதாக ஒன்றும் இல்லை. உலகத்தில் ஆயிரம் நடக்கிறது, இவருக்கு ஏன் இந்தப் பதற்றம் என்பதுபோல உட்கார்ந்திருக்கிறான். சோனியா இருக்க வேண்டிய நாற்காலியில் இவனைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார் ஹைஸ்மித். அதை மன்னிப்பு என்றும் சொல்ல முடியாது, தண்டனை என்றும் சொல்ல முடியாது. நான் படித்த குற்ற நாவல்களில் இதைவிடக் குரூரமான காட்சி இல்லை. ஜெரார்டு தொலைபேசி வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்து உள்ளே வரும்போது ஹெய்ன்ஸ் தன்னைக் கொண்டுபோகச் சொல்வதில், கடைசியில் ஒருவராவது இதைப் பொருட்படுத்தினாரே என்ற நிம்மதிதான் எனக்குக் கேட்டது.

சீனியர் இறந்த பிறகு ஆபீஸ் என்னிடம் வந்தது. இப்போது என்னிடம் ஒரு பெண் ஜூனியராக இருக்கிறாள், கெட்டிக்காரி. போன கோடை விடுமுறைக்கு அவளிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன், பழைய பிரதியை அல்ல, வேறு வாங்கி. நீதிமன்றம் திறந்த அன்று வந்து என் மேஜைமேல் வைத்தாள்.

“ப்ரூனோ விழுந்ததும் இவன் ஏன் சார் குதிச்சான்? சனியன் விட்டுச்சுன்னு கரைக்கு வந்திருக்கலாம்ல?”

அவனுக்கு ப்ரூனோ தேவைப்பட்டான் என்று விளக்க ஆரம்பித்தேன். உண்மை தெரிந்த ஒரே ஆள் அவன், அவன் போய்விட்டால் ஹெய்ன்ஸ் செய்ததற்கு உலகத்தில் சாட்சியே கிடையாது என்று சொல்லிக்கொண்டு போனேன். அவள் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டாள்.

“அதெல்லாம் இருக்கட்டும் சார். அந்த ஹோட்டல் ரூம் வாக்குமூலத்த எடுத்துக்குவோம். ஜெரார்டு தனியார் துப்பறிவாளன், போலீஸ் இல்ல. அதனால போலீஸ்கிட்ட குடுத்த ஒப்புதல் செல்லாதுங்கற தடை, பழைய சாட்சியச் சட்டத்துல பிரிவு 25-ஆ இருந்தது, இங்க வராது, சாட்சியமா ஏத்துக்குவாங்க. ஆனா நீதிமன்றத்துக்கு வெளிய சொன்ன ஒப்புதல். பலவீனமான சாட்சியம். சரியா?”

“சரி.”

“ஓவன் முதல் சாட்சி. அன்னைக்கு எத்தனை கிளாஸ் குடிச்சீங்கன்னு ஒரே கேள்வி. ஜெரார்டுகிட்ட, ஃபோன்ல கேட்ட குரல் அவரோடதுதான்னு எப்படித் தெரியும்னு ஒரு கேள்வி. முடிஞ்சது.” புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். “எங்கிட்ட வந்திருந்தா விடுதலை வாங்கிக் குடுத்திருப்பேன்.”

“வாங்கிக் குடுத்திருப்பே” என்றேன். “அதுக்கப்புறம் அவன் தினம் நம்ம ஆபீஸ் திண்ணைக்கு வந்துருவான்.”

எந்தத் திண்ணை என்று அவளுக்குப் புரியவில்லை. பதினோரு மணிக்கு இரண்டாவது கோர்ட்டில் ஒரு வாய்தா இருந்தது. கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.